அரை அங்குல எஃகு

போர்க்கப்பல் கட்டுவது எடையைப் பங்கு போடும் வேலை. கப்பல் எவ்வளவு எடை தாங்கும் என்பது முதலிலேயே முடிவாகிவிடும். இயந்திரம், எரிபொருள், பீரங்கி, குண்டு, கவசம், மாலுமிகள், அவர்களுக்கான சோறு தண்ணீர் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். ஒன்றைக் கூட்டினால் இன்னொன்றைக் குறைத்தே ஆக வேண்டும். கப்பற்படைப் பொறியாளர்களுக்குள் நடக்கும் சண்டை பெரும்பாலும் இந்தப் பங்கீட்டைப் பற்றியதுதான்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா 175 கப்பல்களாகக் கட்டித் தள்ளிய ஃப்ளெட்சர் வகை நாசகாரிகளில் இந்தப் பங்கீடு ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தது. கப்பலின் எடை 2,100 டன், இயந்திரத்தின் ஆற்றல் 60,000 குதிரைத்திறன். அக்காலத்தின் மிகப் பெரிய போர்க்கப்பலான ஜப்பானின் யமாட்டோவை எடுத்துக்கொண்டால், 65,000 டன்னுக்கு ஏறத்தாழ 1,50,000 குதிரைத்திறன்தான். டன்னுக்கு டன் கணக்கிட்டால் நாசகாரிக்குப் பன்னிரண்டு மடங்கு அதிக ஆற்றல். அதனால்தான் அது 35 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 65 கிலோமீட்டரில், கடலைக் கிழித்துக்கொண்டு ஓடியது. யமாட்டோ 27 நாட்டைத் தாண்டுவதில்லை.

இந்த வேகத்துக்கான விலை கப்பலின் உடம்பில் தெரிந்தது. யமாட்டோவின் பக்கவாட்டுக் கவசம் 41 சென்டிமீட்டர் தடிமன். ஃப்ளெட்சர் கப்பலில் இயந்திர அறைகளைச் சுற்றி அரை அங்குலம் முதல் முக்கால் அங்குலம் வரை நல்ல எஃகு, மற்ற இடங்களில் அதைவிடவும் மெலிந்த தகடு. அதைக் கவசம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். துப்பாக்கிக் குண்டையும் சிதறி வரும் இரும்புத் துண்டுகளையும் தடுக்கும், அவ்வளவே. மாலுமிகள் தங்கள் கப்பலைத் தகர டப்பா என்றே அழைத்தார்கள்.

அந்த டப்பாக்களில் ஒன்றின் கதை இந்த அத்தியாயம். அதன் பெயர் ஜான்ஸ்டன், பக்கவாட்டில் எழுதியிருந்த எண் 557. சியாட்டிலில் கட்டப்பட்டு 1943 அக்டோபர் 27 அன்று கடற்படையில் சேர்ந்தது. சரியாக ஓராண்டு நிறைய இரண்டு நாள் இருக்கும்போது மூழ்கியது.

அதன் தலைவர் கமாண்டர் எர்னஸ்ட் எவன்ஸ், ஒக்லஹோமாவைச் சேர்ந்த அமெரிக்கப் பழங்குடி மரபினர். 1942 பிப்ரவரியில் ஜாவாக் கடல் போரில் தோற்றுப் பின்வாங்கிய ஆல்டன் என்ற பழைய நாசகாரியில் அதிகாரியாக இருந்தவர். அந்தப் பின்வாங்கல் அவர் மனதில் முள்ளாகத் தங்கிவிட்டது போலிருக்கிறது. ஜான்ஸ்டனைப் பொறுப்பேற்ற நாளன்று, இனி நான் ஓடப்போவதில்லை, ஆபத்து வேண்டாம் என்பவர்கள் இப்போதே இறங்கிக்கொள்ளலாம் என்ற பொருள்பட மாலுமிகளிடம் பேசினார். யாரும் இறங்கவில்லை.

அடுத்த சில மாதங்கள் நாசகாரிகளுக்கு வழக்கமான பிழைப்பு. மார்ஷல் தீவுகளில் குவாஜலீன், எனிவெடோக் கரைகளைக் குண்டால் அடித்தது. மே மாதம் ஹேகர்ட், ஃபிராங்க்ஸ் என்ற இரு நாசகாரிகளோடு சேர்ந்து ஐ-176 என்ற ஜப்பானிய நீர்மூழ்கியை மூழ்கடித்தது. ஜூலையில் குவாம். இவற்றை விரித்துச் சொல்லத் தேவையில்லை. ஜான்ஸ்டனை இன்று யாராவது நினைக்கிறார்கள் என்றால் அது ஒரே ஒரு காலைப் பொழுதுக்காக: 1944 அக்டோபர் 25, பிலிப்பைன்ஸில் ஸமார் தீவுக்குக் கிழக்கே.

ஐந்து நாள் முன்பு அமெரிக்கப் படை லெய்டே தீவில் இறங்கியிருந்தது. வடக்கே காவலுக்கு இருக்க வேண்டிய அட்மிரல் ஹால்ஸியின் பெரும் கப்பற்படை, ஜப்பானியர் வைத்த தூண்டிலை நம்பி வெகுதூரம் போய்விட்டது. ஸான் பெர்னார்டினோ நீரிணை காவலின்றித் திறந்து கிடந்தது. இரவோடு இரவாக வைஸ் அட்மிரல் குரிடாவின் படை அதன் வழியே நுழைந்தது. நான்கு பெரும் போர்க்கப்பல்கள், அவற்றில் ஒன்று யமாட்டோ. ஆறு கன க்ரூஸர்கள், இரண்டு இலகு க்ரூஸர்கள், பதினொரு நாசகாரிகள். காலையில் அவர்கள் எதிரே அகப்பட்டது டாஃபி-3 என்ற வானொலிப் பெயருடைய சிறு கூட்டம். வணிகக் கப்பல் போன்ற உடம்பின் மேல் ஓடுதளம் வைத்த ஆறு சின்ன விமானந்தாங்கிகள், மூன்று நாசகாரிகள், அதைவிடச் சிறிய நான்கு துணைக்காவல் கப்பல்கள். விமானந்தாங்கிகள் தலைகீழாக நின்றாலும் 19 நாட்டுக்கு மேல் ஓடாது. தப்பி ஓட வழியே இல்லை.

காலை 7 மணிக்குச் சற்று முன்பு யமாட்டோ சுடத் தொடங்கியது. தூரம் 30 கிலோமீட்டருக்கு மேல். ஒவ்வொரு குண்டும் 1,460 கிலோ.

இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். அந்தத் தூரத்துக்குக் குண்டு பறந்து வர ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவான நேரம் பிடிக்கும். 35 நாட் வேகத்தில் ஓடும் கப்பல் நொடிக்கு 18 மீட்டர் நகரும். ஐம்பது நொடியில் 900 மீட்டர். ஜான்ஸ்டனின் நீளமோ 115 மீட்டர்தான். ஆக, சுடுகிறவன் கப்பலைக் குறி வைப்பதில்லை. ஒரு நிமிடம் கழித்துக் கப்பல் எங்கே இருக்கும் என்ற தன் ஊகத்தைக் குறி வைக்கிறான். அந்த ஒரு நிமிடத்துக்குள் கப்பல் திரும்பிவிட்டால் ஊகம் பொய். முதல் குண்டு விழுந்த இடத்தைப் பார்த்து எதிரி அடுத்த குண்டுக்குத் திருத்தம் செய்வான் என்பதால், டாஃபி-3 கப்பல்களின் தலைவர்கள் குண்டு விழுந்து தண்ணீர் எழும்பிய இடத்தை நோக்கியே கப்பலைத் திருப்பினார்கள். திருத்தப்பட்ட அடுத்த குண்டு அங்கே விழாது அல்லவா? கேட்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் கணக்கு சரியானது.

எழும்பிய தண்ணீர்த் தூண்கள் சிவப்பு, பச்சை, மஞ்சள், ஊதா என்று நிறம் நிறமாக இருந்தன. பல கப்பல்கள் ஒரே இலக்கைச் சுடும்போது எந்தக் குண்டு யாருடையது என்று தெரிய வேண்டும். அதற்காக ஜப்பானியர் குண்டின் முனையில் சாயப்பொடி அடைத்திருந்தார்கள். சினிமா வண்ணத்தில் சுடுகிறான்கள் என்று அமெரிக்க மாலுமிகள் அந்த நேரத்திலும் கிண்டல் அடித்திருக்கிறார்கள்.

சாயம் எதற்குத் தேவைப்பட்டது என்று யோசித்தால் ஜப்பானியரின் பலவீனம் புரியும். அவர்கள் கண்ணை நம்பினார்கள். யமாட்டோவின் தொலைவுமானி 15 மீட்டர் அகலம்; இரு முனையிலும் லென்ஸ், நடுவில் பார்க்கும் ஆள். தெளிந்த நாளில் அதைவிடச் சிறந்த ஒளியியல் கருவி உலகில் இல்லை. ஆனால் அன்று மழை மேகங்கள் திரிந்தன. போதாததற்கு அமெரிக்க நாசகாரிகள் புகைத்திரை போட்டன. கொதிகலனுக்குப் போகும் காற்றைக் குறைத்தால் எண்ணெய் அரைகுறையாக எரிந்து புகைபோக்கி வழியே கரும்புகை கக்கும். பின்புறத்திலுள்ள கருவியிலிருந்து வேதிப்புகை வெண்மையாகக் கடல்மேல் படரும். புகைத்துகள் ஒளியைச் சிதறடிக்கும். கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஆனால் ரேடாரின் அலைநீளம் பல சென்டிமீட்டர். அந்த அலைக்கு முன்னால் நுண்ணிய புகைத்துகள் இருந்தும் இல்லாததுபோல்தான். அமெரிக்கக் கப்பல் தன் புகைக்குள் ஒளிந்துகொண்டே எதிரியைப் பார்க்க முடிந்தது.

பார்த்தால் மட்டும் போதாது, பாய்ந்து வளைந்து ஓடும் கப்பலிலிருந்து குறி தப்பாமல் சுட வேண்டும். ஜான்ஸ்டனின் கீழ்த்தளத்தில் ஓர் அறையில் அதற்கென ஒரு கணிப்பொறி இருந்தது. அந்த மார்க்-1 கணிப்பொறியின் எடை ஏறத்தாழ ஒன்றரை டன். அதில் டிரான்சிஸ்டர் கிடையாது, நிரல் கிடையாது. முழுக்கப் பற்சக்கரமும் தண்டும் உலோக வட்டுகளும். ஒரு வட்டின் விளிம்பைச் சீரற்ற வளைவாகக் கடைந்திருப்பார்கள். வட்டு சுழலும்போது விளிம்பில் ஊரும் ஊசி உள்ளே வெளியே நகரும். தூரத்தைக் கொடுத்தால் வட்டு அந்த அளவு சுழலும். அந்தத் தூரத்துக்குக் குண்டு எத்தனை நொடி பறக்கும் என்பது ஊசியின் நகர்வாக வெளியே வரும். அட்டவணையில் அச்சடிக்க வேண்டிய எண்களை எல்லாம் உலோகத்தின் வடிவத்திலேயே செதுக்கி வைத்திருந்தார்கள். கூட்டலுக்கு ஒரு வகைப் பற்சக்கரம், பெருக்கலுக்கு ஒத்த முக்கோணங்களாக நகரும் சட்டங்கள், வேகத்தைத் தொலைவாக மாற்றச் சுழலும் தட்டின்மேல் உருளும் குண்டுமணி.

ரேடார் தூரத்தைச் சொல்லும். சுழலாழி கப்பலின் ஆட்டத்தைச் சொல்லும். கணிப்பொறி எல்லாவற்றையும் கலந்து பீரங்கி நிற்க வேண்டிய கோணத்தை மின்கம்பி வழியே அனுப்பும். கப்பல் எப்படித் திரும்பினாலும் ஐந்து பீரங்கிகளும் தாமாகத் திரும்பி இலக்கைப் பிடித்துக்கொள்ளும். அன்று ஜான்ஸ்டன் அத்தனை வளைவு நெளிவாக ஓடிக்கொண்டே சுட முடிந்ததற்கு இதுதான் காரணம். எதிரே இருந்தவர்களின் கருவிகளில் இந்த வேலையின் பல படிகள் ஆட்களின் கையில் இருந்தன. எனக்குத் தெரிந்த பொறியியல் அதிசயங்களில் இந்தப் பற்சக்கரப் பெட்டிக்கு மேலான இடம் உண்டு. மின்னணுக் கணிப்பொறியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இதை ஒரு வரியில் கடந்துபோவது அநியாயம்.

எவன்ஸ் மேலிடத்து ஆணைக்குக் காத்திருக்கவில்லை. ஜான்ஸ்டனைத் தனியாக எதிரியின் பக்கம் திருப்பினார். காரணம் எளிது. அவரிடமிருந்த ஐந்து அங்குலப் பீரங்கியின் குண்டு 25 கிலோ. அது க்ரூஸரின் மேல்தளத்தைச் சேதப்படுத்துமே தவிர கப்பலை மூழ்கடிக்காது. மூழ்கடிக்கும் ஆயுதம் டார்பிடோ. பத்து டார்பிடோக்கள் இருந்தன. அவை போய்ச் சேர ஒன்பது கிலோமீட்டர் தூரத்துக்குள் நெருங்க வேண்டும்.

நெருங்கும் வழியில் லெப்டினன்ட் ராபர்ட் ஹேகனின் மேற்பார்வையில் பீரங்கிகள் 200க்கு மேற்பட்ட குண்டுகளைக் குமானோ என்ற கன க்ரூஸர்மேல் கொட்டின. பிறகு பத்து டார்பிடோக்களும் ஒருசேரக் கடலில் இறங்கின. கப்பல் திரும்பிப் புகைக்குள் ஓடியது. சில நிமிடம் கழித்துக் குமானோவின் முகப்பு பிய்த்துக்கொண்டு போனது.

டார்பிடோ ஏன் இத்தனை கொடியது? காற்றில் வெடிக்கும் குண்டின் சக்தியில் பெரும்பகுதி காற்றை அழுத்துவதிலும் சிதறடிப்பதிலும் வீணாகும். தண்ணீர் எளிதில் அமுங்காது. நீருக்கடியில் சில நூறு கிலோ வெடிமருந்து வெடித்தால் அந்த அதிர்ச்சி ஏறக்குறைய முழுசாகவே கப்பலின் உடம்புக்கு மாறும். கூடவே உண்டாகும் ஓட்டை நீர்மட்டத்துக்குக் கீழே. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். போரின் முதல் இரண்டு ஆண்டுகளில் அமெரிக்க டார்பிடோக்கள் பேர்போன மோசம். இலக்கில் மோதியும் வெடிக்காமல் கிடந்தவை ஏராளம். அந்தக் கோளாறைக் கண்டுபிடித்துத் திருத்தியது 1943-இல்தான். எவன்ஸுக்குக் கிடைத்தவை திருத்தப்பட்ட டார்பிடோக்கள்.

குமானோவை அடித்த மகிழ்ச்சி சில நிமிடம்கூட நீடிக்கவில்லை. 7.30 மணியளவில் மூன்று பெரிய குண்டுகள் ஜான்ஸ்டனைத் துளைத்தன. அடுத்து மூன்று சிறியவை கப்பலின் மேடையருகே வெடித்தன. கப்பலில் இருந்தவர்கள் பெரியவற்றைப் 14 அங்குலக் குண்டுகள் என்று எண்ணினார்கள். யமாட்டோவின் 46 சென்டிமீட்டர் குண்டுகளாகவே இருக்க வேண்டும் என்று பிற்கால ஆய்வாளர்கள் சிலர் கணக்கிட்டிருக்கிறார்கள். இடப்புற இயந்திர அறை போனது. வேகம் பாதியாகி 17 நாட். சுக்கானைத் திருப்பும் மின்விசை போனது. பின்புறப் பீரங்கிகளுக்கு மின்சாரம் நின்றது. எவன்ஸின் இடது கையில் இரண்டு விரல்கள் துண்டாயின; மேல்சட்டை கிழிந்து பறந்தது.

ஆனால் கப்பல் மிதந்தது. இது நியாயமாகப் பார்த்தால் நடக்கக்கூடாத காரியம். ஒன்றரை டன் குண்டு ஒன்று போதும், நாசகாரியை இரண்டாக்க. விடை குண்டின் ஃப்யூஸில் இருக்கிறது. கவசம் துளைக்கும் குண்டு மோதிய கணத்திலேயே வெடிக்கக்கூடாது. தடித்த எஃகைத் துளைத்து உள்ளே போன பிறகுதான் வெடிக்க வேண்டும். அதனால் ஃப்யூஸில் தாமதம் வைப்பார்கள். ஜப்பானியர் இன்னும் ஒரு படி மேலே போய், கப்பலுக்கு முன்னால் கடலில் விழும் குண்டும் தண்ணீருக்குள் ஊடுருவிச் சென்று நீர்மட்டத்துக்குக் கீழே தாக்க வேண்டும் என்று தாமதத்தை 0.4 நொடி ஆக்கியிருந்தார்கள். நொடிக்கு ஐந்நூறு மீட்டர் வேகத்தில் வரும் குண்டு 0.4 நொடியில் 200 மீட்டர் போய்விடும். நாசகாரியின் அகலம் 12 மீட்டர். அப்பளத்தில் ஆணி இறங்குவதுபோல ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறி, கடலில் போய் வெடிக்கும். பெரும்பாலும் அந்தத் தகடு ஃப்யூஸைத் தூண்டவே போதாது. எதிரே இருப்பவை க்ரூஸர்கள் என்று ஜப்பானியர் தவறாக நினைத்ததால் இந்த வகைக் குண்டையே தொடர்ந்து சுட்டார்கள். கவசமுள்ள கப்பலாக இருந்திருந்தால் அதன் கதை அப்போதே முடிந்திருக்கும். டாஃபி-3 கப்பல்கள் பலவற்றின் உடம்பில் நேர் எதிரெதிரே இரண்டு இரண்டு ஓட்டைகள் இருந்ததற்கும் இதுவே காரணம்.

ஜான்ஸ்டன் தப்பியதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அது வடிவமைப்பாளர்களின் முன்யோசனை. ஃப்ளெட்சர் கப்பலில் கொதிகலன் அறை, இயந்திர அறை, மறுபடி கொதிகலன் அறை, இயந்திர அறை என்று மாற்றி மாற்றி அமைத்திருந்தார்கள். ஒரு ஜோடி அழிந்தாலும் மற்றது தனியாக ஓடும்.

அந்த நேரம் பார்த்து ஒரு மழை வந்து கப்பலை மறைத்தது. பத்து நிமிட அவகாசம். பழுது பார்க்கும் ஆட்கள் மின்கம்பிகளை மாற்றினார்கள், ரேடாரையும் பீரங்கிகளையும் ஓரளவு உயிர்ப்பித்தார்கள். பிற நாசகாரிகள் டார்பிடோ தாக்குதலுக்குப் புறப்பட்டபோது, தன்னிடம் ஒரு டார்பிடோகூட மிச்சமில்லாத நிலையில், பாதி வேகத்தில் ஜான்ஸ்டனும் பின்னால் போனது. அவர்களுக்காகப் பீரங்கியாவது சுடலாம் என்பது எவன்ஸின் எண்ணம். அந்தத் தாக்குதலில் ஹீர்மன் என்ற நாசகாரி ஏவிய டார்பிடோக்கள் யமாட்டோவுக்கு இருபுறமும் இணையாக ஓட, திரும்ப வழியில்லாமல் அந்த ராட்சதக் கப்பல் பத்து நிமிடம் போருக்கு எதிர்த்திசையில் ஓடிற்று. அதன்பின் அது சண்டையின் மையத்தைவிட்டு வெகுவாகப் பின்தங்கிவிட்டது.

அடுத்த இரண்டு மணி நேரத்தைத் தொடராகச் சொல்வது கடினம். ஜான்ஸ்டன் போர்க்கப்பலைச் சுட்டது, க்ரூஸரைச் சுட்டது, கேம்பியர் பே என்ற விமானந்தாங்கியிலிருந்து எதிரியின் கவனத்தைத் திருப்ப முயன்றது. இலகு க்ரூஸர் யஹாகியின் தலைமையில் நாசகாரிகள் வந்தபோது குறுக்கே புகுந்தது. அவை தொலைவிலிருந்தே டார்பிடோக்களை விட்டுவிட்டு விலகின, ஒன்றும் படவில்லை. எவன்ஸ் மேடையைவிட்டுப் பின்தளத்துக்கு வந்திருந்தார். கீழே சுக்கான் அறையில் ஆள் மாற்றி ஆள் கையாலேயே சுக்கானைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். திறந்த மூடி வழியே அவர் குனிந்து கத்தும் ஆணைப்படி கப்பல் இடமும் வலமும் திரும்பியது.

கடைசியில் மிச்சமிருந்த இயந்திரமும் நின்றது. ஜான்ஸ்டன் அசையாமல் கிடக்க, ஜப்பானிய நாசகாரிகள் சுற்றி வந்து சுட்டன. இவை சுட்டவை அதே ஐந்து அங்குல அளவுக் குண்டுகள், மெல்லிய தகட்டில் பட்டதும் வெடிப்பவை. யமாட்டோவால் முடியாததை இவை முடித்தன. 9.45 மணிக்குக் கப்பலைக் கைவிட ஆணை. 10.10-க்கு ஜான்ஸ்டன் மூழ்கியது. பக்கத்தில் வந்த ஜப்பானிய நாசகாரியின் தலைவர் மூழ்கும் கப்பலுக்கு சல்யூட் அடித்தார் என்று பிழைத்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

அதற்குள் குரிடா திரும்பிப் போக ஆணையிட்டிருந்தார். தன் எதிரே இருப்பது பெரிய கப்பற்படை என்றே கடைசிவரை நம்பியிருந்தார்.

கப்பலில் இருந்தவர்கள் 327 பேர். எதிரியின் குண்டுக்கு நேரடியாக இறந்தவர்கள் ஐம்பது பேர் அளவில்தான். 45 பேர் மிதவைகளில் காயத்தால் இறந்தார்கள். எவன்ஸ் உட்பட 92 பேர் உயிரோடு தண்ணீரில் இறங்கினார்கள், பிறகு காணவில்லை. மீட்புக்குப் போனவர்களுக்குக் கிடைத்த இடக்குறிப்பு தவறாக இருந்தது. பிழைத்த 141 பேர் ஏறத்தாழ ஐம்பது மணி நேரம் கடலில் கிடந்தார்கள். அது வெப்பமண்டலக் கடல்தான். ஆனாலும் நீரின் வெப்பம் உடல் வெப்பத்தைவிடக் குறைவு. காற்றைக் காட்டிலும் நீர் பலமடங்கு வேகமாக உடற்சூட்டை உறிஞ்சும். தாகம் தாங்காமல் கடல்நீரைக் குடித்தவர்கள் பிதற்றத் தொடங்கினார்கள். கடல்நீரில் உப்பு மூன்றரை சதவீதம். மனிதச் சிறுநீரகத்தால் அத்தனை உப்பை வெளியேற்ற முடியாது. வெளியேற்ற முயன்று, குடித்ததைவிட அதிகத் தண்ணீரை உடம்பு இழந்துவிடும். சுறாக்களும் வந்தன. போரைப் பற்றி எழுதுகிறவர்கள் குண்டு விழுவதை நாலு பக்கம் எழுதிவிட்டு இந்த ஐம்பது மணி நேரத்தை ஒரு பத்தியில் முடிக்கிறார்கள். நானும் அதையே செய்கிறேன் என்பது தெரிகிறது. ஆனால் செத்தவர்களின் கணக்கு இந்தப் பக்கம்தான் கனக்கிறது. எவன்ஸுக்கு மறைவுக்குப் பின் அமெரிக்காவின் உயர்ந்த படை விருதான மெடல் ஆஃப் ஹானர் கிடைத்தது.

கப்பல் விழுந்த இடம் பிலிப்பைன் பெருங்குழியின் சரிவு. 2019-இல் பெட்ரல் என்ற ஆய்வுக் கப்பல் 6,220 மீட்டர் ஆழத்தில் உடைந்த பாகங்களைக் கண்டது. அதன் ஆளில்லாக் கருவியால் அதற்குக் கீழே போக முடியவில்லை. 2021 மார்ச்சில் விக்டர் வெஸ்கோவோ தன் லிமிட்டிங் ஃபேக்டர் நீர்மூழ்கியில் 6,456 மீட்டருக்கு இறங்கினார். டைட்டானிக் கிடக்கும் ஆழம் 3,800 மீட்டர். ஜான்ஸ்டன் கிடக்கும் இடத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர்மீதும் அறுநூற்றைம்பது கிலோவுக்கு மேல் நீரின் எடை அழுத்துகிறது. அதைத் தாங்க அவருடைய நீர்மூழ்கியின் டைட்டானியம் கோளம் 9 சென்டிமீட்டர் தடிமனாக இருந்தது. அரை அங்குலத் தகடு மட்டும் எப்படி நசுங்காமல் கிடக்கிறது என்று கேட்கலாம். நீர் உள்ளேயும் புகுந்துவிட்டால் இருபுறமும் அழுத்தம் சமம். நசுக்க எதுவும் இல்லை. கப்பலின் முன்பகுதி மூன்றில் இரண்டு பங்கு நிமிர்ந்தே இருந்தது. முகப்பின் இரு பக்கமும் வண்ணம் கரையாமல் 557 என்ற எண். அதே காலையில் மூழ்கிய சாமுவேல் பி. ராபர்ட்ஸ் என்ற துணைக்காவல் கப்பல் அடுத்த ஆண்டு இதைவிட ஆழத்தில் கண்டுபிடிக்கப்பட்டது.

ஃப்ளெட்சர் வகையின் கடைசிக் கப்பல் மெக்சிகோ கடற்படையில் 2001 வரை ஓடியது. நான்கு கப்பல்கள் அருங்காட்சியகங்களாக இருக்கின்றன: மூன்று அமெரிக்காவில், ஒன்று கிரேக்கத்தில். பாஸ்டன் பக்கம் போகிறவர்கள் சார்ல்ஸ்டவுன் கப்பல்துறையில் நிற்கும் காசின் யங்கைப் பார்த்துவிட்டு வாருங்கள். ஏறியவுடன் பீரங்கியைப் பார்க்க ஓடாமல், ஏதாவது ஒரு கதவின் விளிம்பில் நின்று அந்தத் தகட்டின் தடிமனை விரலால் அளந்து பாருங்கள்.